நிலமும் பொழுதும்: திணை மரபும் நிலக்காட்சி ஓவியமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதைக்கென அமைந்த வட்டத்தின் விழாவில் ஓவியம் பற்றிய உரைக்கு இடம் ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். மலையையும் ஆற்றையும் வயலையும் வானத்தையும் வரையும் ஓவியத்தை நிலக்காட்சி ஓவியம் என்கின்றனர். பார்த்ததைப் பார்த்தவாறு எழுதிவைக்கும் எளிய கலை அது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. மனித உருவம் உள்ள ஓவியத்தில் கதை இருக்கும். வெறும் மலையில் என்ன இருக்கும் என்பது அவர்தம் வினா. இவ்வினாவுக்கு விடை தேடிப் பிற நாட்டு ஓவியக் கூடங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. நிலத்தை வெறும் நிலமாக ஒருபோதும் பாராத ஒரு மரபு தமிழில் இருக்கிறது. அம்மரபின் உரிமையாளர்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கும் கவிஞர்களே. ஆதலின் ஓவியரிடம் கேட்க வேண்டிய வினாவைக் கவிஞரிடமும் கேட்டாக வேண்டும்.

முதற்பொருளின் இரு கூறுகள்

தொல்காப்பியம் அகப்பாடலின் உறுப்புகளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கிறது. இவற்றுள் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகிய இரண்டும் சேர்ந்தது. 'நிலம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் 'பொழுது' என்பதையும் உடன் வைத்ததில்தான் அந்நூலின் நுட்பம் இருக்கிறது. முல்லைக்குக் கார்காலமும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் உரியவை. பொழுது இல்லாத நிலம் நிலப்படமாகும், திணையாகாது.

நிலக்காட்சி ஓவியத்தின் வரலாறும் ஏறத்தாழ இதே உண்மையைத்தான் மெல்ல மெல்லக் கண்டடைந்தது. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டுமே பல முறை வரைந்தார். அவ்வோவியங்கள் பலவற்றின் பின்புறம் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துவைத்தார். அவர் தொல்காப்பியம் பயின்றவர் அல்லர். எனினும் சிறுபொழுதைக் குறியாத வானம் வானமாகாது என்பதை அவர் கை அறிந்திருந்தது. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மொனே 1890, 1891ஆம் ஆண்டுகளில் தம் வீட்டருகே இருந்த வைக்கோற் போர்களையே காலை, மாலை, பனி, வெயில் என வெவ்வேறு பொழுதுகளில் திரும்பத் திரும்பத் தீட்டினார். பொருள் ஒன்றுதான், பொழுது மாற ஓவியமும் மாறியது.

கீழை நாடுகளில் இவ்வுணர்வு இன்னும் பழைமையானது. சீன மொழியில் நிலக்காட்சி ஓவியத்திற்குரிய பெயரே 'மலையும் நீரும்' எனப் பொருள்படும். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த குவோ ஷி என்னும் ஓவியர் 1072ஆம் ஆண்டில் தீட்டிய 'முன்வேனில்' பற்றிய ஓவியம் இன்றும் தைபே நகரின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பனி உருகத் தொடங்கும் மலை, மூடுபனியில் பாதி மறைந்த பாறை, அவற்றினிடையே எறும்பளவாய்ச் சில மாந்தர். மலையை வரைபவர் அதில் நடக்கவும் உலாவவும் வாழவும் தகுந்த இடத்தை வரைய வேண்டும் என்ற கருத்து அவருடையது. பார்ப்பவர் புகுந்து வாழ முடியாத மலை அவருக்கு மலையாகப் படவில்லை.

நிலம் மனிதன் வாழும் இடமாகவும், பொழுது அவன் உணரும் நிலையாகவும் அமையும்போது உரிப்பொருள் தானே பிறக்கிறது. பாடலில் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்து வரும் என்பர் உரையாசிரியர். நல்ல நிலக்காட்சி ஓவியத்திற்கும் இது பொருந்தும். அதில் மனிதன் வரையப்பட்டிருக்க வேண்டிய கட்டாயமில்லை. காத்திருத்தலோ பிரிவோ இரங்கலோ அந்த ஒளியிலும் நிழலிலும் உறைந்திருந்தால் போதும்.

சித்தன்னவாசலின் குளம்

இத்தனை வளமான திணைமரபு உடைய நாட்டில் நிலக்காட்சி ஓவியம் தனிக்கலையாக வளர்ந்த சான்று மிகக் குறைவு என்பது வியப்புக்குரியது. கோயிற் சுவர்களில் தெய்வங்களும் அரசர்களும் அடியார்களும் நிறைந்திருக்கின்றனர்; மரமும் நீரும் அவர்களுக்குப் பின்னணியாகவே வருகின்றன. சொல்லில் இத்துணை நிலத்தை எழுதிய தமிழர் வண்ணத்தில் அதை ஏன் எழுதவில்லை? துணியிலும் மரத்திலும் எழுதியவை காலத்தில் அழிந்திருக்கலாம் என்பது ஒரு விடை. சொல்லே போதுமானதாக இருந்தது என்பது மற்றொரு விடை.

இப்பொதுநிலைக்குப் புறம்பாக ஓர் அரிய சான்று புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலில் இருக்கிறது. பாறையைக் குடைந்து அமைத்த சமணக் கோயில் அது. பாண்டியன் சீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அக்கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. முன்மண்டபத்தின் மேற்கூரையில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. இலைகளும் மொட்டுகளும் மலர்ந்த பூக்களும் நீர்ப்பரப்பை நிறைக்கின்றன. மீன்கள் துள்ளுகின்றன, பறவைகள் இலைகளினிடையே திரிகின்றன, எருமைகளும் யானைகளும் நீரில் இறங்கியிருக்கின்றன. பூக்கொய்யும் மூவர் அக்குளத்தில் நிற்கின்றனர்.

சமண சமயத்தார் இதனைத் தீர்த்தங்கரர் அறவுரை வழங்கும் சமவசரணத்தோடு தொடர்புபடுத்துவர். நற்பேறு பெற்ற உயிர்கள் தாமரை கொய்யும் குளம் என்பர். அப்பொருள் அறியாத உழவன் ஒருவன் அண்ணாந்து பார்த்தாலும் அது அவனுக்குத் தெரிந்த மருதநிலக் குளமே. வீடுபேற்றை நினைவூட்ட விரும்பிய ஓவியர் விண்ணுலகக் கற்பனை எதையும் நாடவில்லை. பாண்டிநாட்டு எருமை படிந்த குளத்தை நாடினார். மண்டபத்துள் நிற்பவர் நீரின் அடியில் இருப்பதுபோல் அக்குளம் தலைக்கு மேலே இருக்கிறது. இயற்கையைப் பற்றிய எண்ணமும் மனித வாழ்வைப் பற்றிய எண்ணமும் ஒரே காட்சியில் பிரிக்கவொண்ணாதபடி கலந்திருக்கும் தமிழ் நிலக்காட்சி இது. மேற்கூறிய இலக்கணம் முழுவதற்கும் இவ்வொன்றே எடுத்துக்காட்டாகப் போதும்.

வந்தவர் கண்ணில் தமிழ் நிலம்

நிலக்காட்சியைத் தனிக்கலையாகத் தமிழ் மண்ணில் தொடர்ந்து எழுதியவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். குக் என்னும் கடற்பயணியோடு தென்கடல்களைச் சுற்றிவந்த வில்லியம் ஹாட்ஜஸ் 1780இல் சென்னையில் இறங்கினார். ஐதர் அலியின் போர் மூண்டிருந்தமையால் அவரால் உள்நாட்டில் அதிகம் செல்ல இயலவில்லை. பின்னர் தாமஸ் டேனியல், அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் 1792இல் வந்து தென்னாட்டில் நெடும்பயணம் செய்தனர். மாமல்லபுரம், தஞ்சை, மதுரை, பாபநாசம் அருவி எனப் பல இடங்களை வரைந்தனர். இந்தியா முழுவதும் அவர்கள் வரைந்தவை 1795 முதல் 1808 வரை 144 அச்சோவியங்களாக லண்டனில் வெளிவந்தன.

அவர்கள் உழைப்பு மறுக்கவியலாதது. இருட்பெட்டி என்னும் கருவியின் துணையால் கோபுரத்தின் தட்டுகளையும் மண்டபத்தின் தூண்களையும் அளவு பிசகாமல் பதிவு செய்தனர். இன்று அழிந்தும் மாறியும் போன பல இடங்களின் தோற்றத்தை அறிய அப்படங்கள் உதவுகின்றன. ஆயினும் அவற்றில் ஒரு குறை உண்டு. நிலம் அங்கே பார்வைக்குரிய பொருளாக இருக்கிறது. வாழ்வதற்குரிய இடமாக இல்லை. பாபநாசத்து அருவி பெருமிதத்தோடு விழுகிறது. அங்கு நீராட வருபவனின் நெஞ்சம் தெரிவதில்லை. மாந்தர் அளவுகோல்களாக நிறுத்தப்பட்டிருக்கின்றனர். முதற்பொருளும் கருப்பொருளும் உண்டு. உரிப்பொருள் மட்டும் கப்பலேறி வந்தவரின் வியப்பாக இருக்கிறது.

வியப்பும் ஓர் உணர்வுதான்; அதைப் பழிப்பதற்கில்லை. ஆனால் வியப்பு மட்டுமே கொண்டு பார்ப்பவர் விரைவில் கடந்து போய்விடுவார். தம் ஊரையே வழிப்போக்கர்போல் வியந்து பாடிவிட்டுக் கடந்துபோகும் கவிதைகள் இன்று எழுதப்படுகின்றன என்பதையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். மண்ணின் மைந்தரானாலும், பார்வை டேனியலுடையதாக இருக்கக்கூடும்.

எழும்பூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரை

அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியே இன்று எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி. கைத்தொழிற் பயிற்சியே முதன்மையாக இருந்த அப்பள்ளியில் 1929இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி பொறுப்பேற்ற பின் கவின்கலை தலையெடுத்தது. மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. அவர்தம் மாணவர்களுள் ஒருவர் கே.சி.எஸ். பணிக்கர்.

1911இல் கோவையில் பிறந்து கேரளத்துப் பொன்னானியில் பயின்ற பணிக்கர், குடும்பச் சூழலால் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்தாம் வயதில்தான் கலைப்பள்ளியில் சேர்ந்தார். இளமையிலேயே அவருக்குப் புகழ் தந்தவை நீர்வண்ண நிலக்காட்சிகள். வயல், தென்னை, ஓடை, மழைக்குப்பின் வரும் ஈரப் பச்சை ஆகியவை அவர் தூரிகைக்கு எளிதில் வசப்பட்டன. அத்தகைய ஓவியங்களை வரைந்துகொண்டே அவர் நிறைவாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1960களின் தொடக்கத்தில் அவர் கை வேறு பக்கம் திரும்பியது. எழுத்துகள் போன்ற கோடுகள், கணிதக் குறிகள், சாதகக் கட்டங்கள், அட்டவணைகள் ஆகியவற்றால் நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையை 1963 முதல் படைத்தார். அவ்வெழுத்துகள் படிப்பதற்குரியவை அல்ல, பார்ப்பதற்குரியவை.

1966இல் அவர் தலைமையில் ஓவியரும் சிற்பியரும் ஒன்றுகூடி, ஈஞ்சம்பாக்கத்தில் கடலருகே நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். பத்திக் துணி போன்ற கைவினைகளை விற்று ஈட்டிய பொருளே அதற்கு அடித்தளம். இதில் ஒரு புதிர் இருக்கிறது. நெய்தல் நிலத்தில் குடியேறிய பணிக்கர் கடலை வரைவதைத் தம் முதன்மைப் பணியாகக் கொள்ளவில்லை. குறியீடுகளையே வரைந்தார், 1977இல் மறையும்வரை அவ்வழியே நின்றார்.

நிலத்தை அவர் கைவிட்டாரா என்று கேட்கலாம். வேறு வகையிலும் இதைப் பார்க்க இடமுண்டு. தாம் கற்ற நிலக்காட்சி முறை மேலை நாட்டுக் கண்ணோடு வந்தது. அக்கண்ணால் பார்க்கும்வரை தம் நிலம் தமக்கு அந்நியமாகவே இருக்கும் என்ற ஐயம் அவர் தலைமுறைக்கு இருந்தது. மண்ணுக்குரிய பார்வையைத் தேடி அவர்கள் கோட்டுக்கும் குறிக்கும் எழுத்துக்கும் சென்றனர். அவ்வோவியங்களில் பரந்து கிடக்கும் வண்ணவெளி வயல்வெளியையே நினைவூட்டுகிறது. வரப்புகள் இருந்த இடத்தில் வரிகள் இருக்கின்றன. நிலம் மறையவில்லை, மொழிக்குள் ஒளிந்தது. தமிழ்க் கவிஞருக்கு இது புதிதன்று. 'குறிஞ்சி' என்ற ஒரு சொல்லுக்குள் மலையும் தேனும் யாமமும் புணர்தலும் ஒளிந்திருப்பதை அவர் அறிவார். ஓவியர் நெடுந்தொலைவு நடந்து வந்து சேர்ந்த இடத்தில் கவிஞர் பிறக்கும்போதே நிற்கிறார்.

இங்கேதான் ஓர் இடரும் இருக்கிறது. மலையைப் பல்லாண்டு பார்த்தவன் அதைக் குறியாக்கினால் குறிக்குள் மலை இருக்கும். குறியை மட்டும் பெற்றுக்கொண்டவனிடம் குறிதான் இருக்கும். பணிக்கரின் கோடுகளுக்குப் பின்னே முப்பதாண்டு நீர்வண்ணப் பயிற்சி நின்றது. நெய்தல் என்று எழுதும் இன்றைய கவிதைக்குப் பின்னே எத்தனை நாள் கடற்கரை நிற்கிறது?

மங்கும் கண்ணில் நிலைத்த மதுரை

நிலக்காட்சி மனித வாழ்வோடு எவ்வளவு நெருங்கக்கூடும் என்பதற்குத் தென்சென்னையிலேயே ஒருவர் சான்றாக வாழ்ந்தார். மனோகர் தேவதாஸ் 1936இல் மதுரையில் பிறந்தவர். சென்னையில் வேதியியலராகப் பணியாற்றியவர். கலைப்பள்ளி சாராத ஓவியர். விழித்திரையை மெல்ல அழிக்கும் பரம்பரை நோய் அவர் பார்வையை ஓரங்களிலிருந்து உண்ணத் தொடங்கியது. 1972இல் நிகழ்ந்த சாலை விபத்தில் அவர் மனைவி மகிமா தோளுக்குக் கீழே செயலிழந்தார். அவ்விருவரும் அதற்குப்பின் முப்பத்தைந்தாண்டுகளுக்கு மேல் இணைந்து வாழ்ந்தனர். அவர் வரைந்த கோட்டோவியங்கள் வாழ்த்து அட்டைகளாயின. அவற்றுக்குரிய குறிப்புகளை மகிமா எழுதினார். வருவாய் அறப்பணிகளுக்குச் சென்றது. மகிமா 2008இல் மறைந்தார். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது பெற்ற தேவதாஸ் 2022 டிசம்பரில் காலமானார்.

யானைமலையையும் வைகையையும் கோயில் கோபுரங்களையும் அவர் கருமையில், மிக நுண்ணிய கோடுகளால் வரைந்தார். பார்வைப் பரப்பு சிறு துளையளவு சுருங்கிய பின், உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையோடு, ஒரு நேரத்தில் தாளின் ஒரு சிறு பகுதியை மட்டுமே அவரால் காண முடிந்தது. முழுக் காட்சி அவர் நெஞ்சில் இருந்தது. தாம் சிறுவராய்த் திரிந்த மதுரையை வரைந்தபோது, அந்த மதுரை பெரும்பாலும் மாறிப் போயிருந்தது. வரையப்படும் நிலமும் மறைந்துகொண்டிருந்தது. வரையும் கண்ணும் மறைந்துகொண்டிருந்தது. எனினும் அக்கோடுகளில் அவசரம் இல்லை, புலம்பல் இல்லை. ஒவ்வோர் இலைக்கும் உரிய இடம் தரப்பட்டிருக்கிறது.

அவ்வோவியங்களின் திணை யாது என்று கேட்டால், முல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. அதன் உரிப்பொருள் இருத்தல். பிரிந்தது மீளும் என்ற உறுதி இல்லாதபோதும் ஆற்றியிருத்தல். இயற்கை அங்கே ஆறுதல் சொல்லும் பொருளாகவோ அழகுப் பொருளாகவோ வரவில்லை. உற்ற துணையாக வருகிறது.

கோபாலபுரத்தைச் சூழ்ந்த நிலம்

இவ்வவை கூடியிருக்கும் கோபாலபுரத்திற்கும் ஒரு நிலக்காட்சி உண்டு. கம்பெனிக் காலத்தில் இராயப்பேட்டை, தேனாம்பேட்டை, நுங்கம்பாக்கம் பகுதிகளை ஒட்டிய வெளி 'சவுல்ட்ரி பிளெயின்' என வழங்கியது. சத்திரத்தின் பெயரால் அமைந்த திடல். அதில் வெள்ளையர் தோட்ட வீடுகளை அமைத்துக்கொண்டனர். இன்றைய அண்ணா சாலையைக் கடந்து மேற்கே சென்றால் நீண்ட ஏரி ஒன்று சைதாப்பேட்டைப் பக்கம்வரை கிடந்தது. 1920களில் அதனைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தனர். 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா'வும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு'ம் பெயர்ப்பலகைகளில் மட்டும் எஞ்சியுள்ளன. ஏரியைப் பாராமலே 'ஏரிக் காட்சிச் சாலை'யில் தலைமுறைகள் குடியிருந்துவிட்டன.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது நீர் தன் பழைய வழிகளைத் தேடிச் சென்றதை நகரமே கண்டது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சுருங்கிய பின் கிடைத்த சிறப்பு அது. எண்ணூர்க் கழியில் சாம்பலும் எண்ணெயும் கலந்த நீரில் மீனவர் வலை வீசுகின்றனர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் காட்டுகிறது. பாலை என்பது தனி நிலம் என்பதைவிட, நிலம் அடையும் கேடு. மருதமும் நெய்தலும் இயல்பு திரிந்தால் என்ன பெயர் பெறும்? அப்பெயரைச் சூட்ட வேண்டிய பொறுப்பு இலக்கணத்தார்க்கு முன் கவிஞர்க்கே உரியது.

பொழுதும் கருப்பொருளும் திணை மயங்கி வரலாம் எனத் தொல்காப்பியம் இசைவு தருகிறது. ஆனால் இன்று நேர்வது மயக்கமன்று, இழப்பு. இழந்த நிலத்தின் பூவையும் புள்ளையும் பழைய பாடல்களிலிருந்து எடுத்துப் புதிய பாடல்களில் வைத்தால் அது மரபைப் பேணுவதாகாது. காகிதப் பூவைத் தொடுப்பதாகும். கூவத்தின் கரையில் நிற்பவன் கூவத்தைத்தான் எழுத வேண்டும். அதன் நாற்றத்தையும், அதிலும் வந்து நிற்கும் கொக்கையும், அதன் கரையில் வாழ்ந்து அகற்றப்பட்ட குடிசை மக்களின் இரங்கலையும் சேர்த்தே எழுத வேண்டும். சித்தன்னவாசல் ஓவியர் எருமையை ஒதுக்காமல் வீடுபேற்றை வரைந்தார் என்பதை மறத்தலாகாது.

வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள்

பத்தாண்டு நிறைவில் ஒரு பணியை இவ்வட்டம் மேற்கொள்ளலாம். கவிஞர் ஒவ்வொருவரும் நகரில் ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ளட்டும்: அடையாற்று முகத்துவாரம், மயிலைத் தெப்பக்குளம், பள்ளிக்கரணை, 2010இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா, அல்லது தம் தெருமுனையில் நிற்கும் ஒரு தூங்குமூஞ்சி மரம். பெரும்பொழுது ஆறு, சிறுபொழுது ஆறு. ஒவ்வொரு பெரும்பொழுதிலும் ஒவ்வொரு சிறுபொழுதிலும் ஒருமுறை என ஓராண்டில் 36 முறை அங்கே சென்று நிற்கட்டும். கான்ஸ்டபிள் செய்ததுபோல் நாளும் நேரமும் காற்றும் குறித்துவைக்கட்டும். கவிதை எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பார்த்தல் மட்டும் போதும். எழுத வேண்டியது தானே வரும். வராவிட்டாலும் குறிப்பேடு மிஞ்சும். ஐம்பதாண்டு கழித்து அவ்விடம் இல்லாமற் போனால், அக்குறிப்பேடே அதன் நிலக்காட்சியாக நிற்கும்.

முப்பத்தாறாவது முறை செல்லும்போது முதல்முறை கண்ட இடம் அங்கே இராது. அதற்குள் ஒரு கிளை வெட்டப்பட்டிருக்கும். ஒரு சுவர் எழுந்திருக்கும். பார்ப்பவரும் ஓராண்டு மூத்திருப்பார். நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்பதை அன்று அவர் எந்த உரையின் துணையுமின்றி உணர்வார்.

வட்டம் மேலும் பல்லாண்டு வளர்க.